மனச்சோர்வும் உயிரை விடும் எண்ணமும்: வாசகர் கேள்விகள், மனநல மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் மனச்சோர்வைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சத்தைச் சுற்றியே இருந்தன. ஆகவே இம்முறை தற்கொலை எண்ணம் குறித்த கேள்விகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து, அடையாளம் தெரியாதபடி கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். இதைப் படிக்கும் இந்த வேளையிலேயே உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருக்குமானால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகில் இருப்பவரிடம் ‘என்னைத் தனியாக விடாதீர்கள்’ என்று சொல்லுங்கள்.

என் கணவருக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொல்லிச் சில மாதங்கள் ஆகின்றன. மாத்திரை சாப்பிடுகிறார், வேலைக்கும் போய் வருகிறார். ஆனால் இந்த நோய் வந்தவர்கள் கடைசியில் தற்கொலைதான் செய்துகொள்வார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. உண்மையா?
– வாசகி, ஈரோடு

உண்மையில்லை, அம்மா. உங்கள் உறவினரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மனச்சோர்வு உள்ளவர்களில் 15 விழுக்காட்டினர் தற்கொலையால் இறப்பார்கள் என்றொரு கணக்கை மருத்துவப் பாடநூல்களே நெடுங்காலம் சொல்லி வந்தன. 1970இல் வெளியான அந்தக் கணக்கு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களையே பெரும்பாலும் வைத்துப் போடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை மறுபடி ஆராய்ந்தபோது, தற்கொலை எண்ணத்தின் காரணமாகவே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடம் வாழ்நாள் அளவில் 8.6 விழுக்காடும், அப்படிக் காரணம் குறிப்பிடப்படாமல் சேர்க்கப்பட்டவர்களிடம் 4 விழுக்காடும், புறநோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது 2 விழுக்காட்டை ஒட்டியும் அந்த அபாயம் இருக்கக் கண்டார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை என்பதையும் இதே எண்கள்தாம் சொல்கின்றன.

அப்படியானால், ஒரே நோய் உள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் அபாயம் கூடுகிறது? சோகம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆபத்து என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பின்னாளில் உயிரிழந்த 14 பேரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்டியது, அவர்கள் எவ்வளவு சோர்ந்திருந்தார்கள் என்பதைக் காட்டிலும், ‘இனி எதுவும் மாறப்போவதில்லை’ என்று எவ்வளவு உறுதியாக நம்பினார்கள் என்பதே. அழுதுகொண்டே ‘அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் கூரையைச் சரிசெய்ய வேண்டும்’ என்பவரைவிட, கண்ணில் நீரே இல்லாமல் ‘இனிமேல் என்ன இருக்கிறது’ என்பவரைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன்.

உங்கள் கணவரிடம் எதைக் கவனிக்கலாம் என்றால், அவர் வருங்காலத்தைப் பற்றிப் பேசுகிறாரா, அந்தப் பேச்சில் தாமும் இருக்கிறாரா என்பதை. அதோடு முன்பு எப்போதாவது உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றது, குடிப்பழக்கம், இரவு இரவாகத் தூக்கமின்மை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இன்னார்தான் தற்கொலை செய்துகொள்வார் என்று முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் எந்த மருத்துவருக்கும் கிடையாது. ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 365 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் அலசியவர்கள், நாம் பட்டியலிடும் அபாயக் காரணங்களை வைத்து ஒருவரின் வருங்காலத்தைக் கணிப்பது, காசு சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேலானது என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். அந்தப் பட்டியல் சோதிடம் பார்ப்பதற்கானதன்று. எந்த எண்ணத்தைப் பற்றிப் பேச வேண்டும், எதற்குச் சிகிச்சை தர வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கானது.

என் தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 71. அம்மா காலமான பிறகு என்னோடு இருக்கிறார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதிகம் நடக்க முடிவதில்லை. ‘உங்களுக்கெல்லாம் நான் பாரம்தானே’, ‘நான் போய்விட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். போன வாரம் வங்கிப் புத்தகங்களை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். ‘அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா’ என்று அதட்டினால் பேச்சை நிறுத்திவிடுகிறார். வயதானவர்கள் எல்லாரும் இப்படித்தானே பேசுவார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பேசுவார்கள். அதனால்தான் நாம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த கோட்பாடு இன்று உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. சாக வேண்டும் என்ற விருப்பம் முளைக்க இரண்டு எண்ணங்கள் ஒன்றுசேர வேண்டும் என்கிறார் அவர். ஒன்று, ‘நான் யாருக்கும் உரியவனல்லன், எனக்கென்று யாருமில்லை’ என்பது. மற்றொன்று, ‘நான் இருப்பதைவிட இல்லாமல் போவதே என்னைச் சார்ந்தவர்களுக்கு நல்லது’ என்பது. விருப்பம் செயலாக மாற மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றும், வலிக்கும் சாவுக்கும் உள்ள இயல்பான அச்சம், முந்தைய முயற்சிகளாலோ மீண்டும் மீண்டும் பட்ட காயங்களாலோ மரத்துப்போவதே அது என்றும் அவர் விளக்குகிறார். முன்பு முயன்றவர்களிடம் நாங்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

உங்கள் தந்தையின் வாயிலிருந்து வருவது இரண்டாவது எண்ணம். மனைவியை இழந்ததும், வெளியே நடமாட முடியாமல் போனதும் முதல் எண்ணத்துக்கும் இடம் கொடுத்திருக்கலாம். பாரம் என்ற இந்த எண்ணம் மனச்சோர்வின் கைவேலை என்பதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தாம் செலவு வைப்பதை மட்டும் பார்க்கவும், தாம் இருப்பதால் வீட்டுக்குக் கிடைப்பதைப் பார்க்காமல் விடவும் நோய் அவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. கொடுமை என்னவென்றால், அவருடைய பார்வையில் இது தன்னலமற்ற கணக்கு. பிள்ளைகளின் மேல் உள்ள பாசமே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. ‘எங்களை நினைத்துப் பார்த்தீர்களா?’ என்று கேட்டால், நினைத்துப் பார்த்ததால்தான் இப்படி எண்ணுகிறேன் என்று அவர் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொள்வார்.

‘அப்படிப் பேசாதீங்க’ என்பது அன்பில் வரும் வார்த்தைதான். ஆனால் அதன் விளைவு, பேச்சு நின்று எண்ணம் மட்டும் தொடர்வது. அதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘எப்போதிருந்து அப்பா இப்படித் தோன்றுகிறது? எதைப் பார்த்தால் பாரம் என்று தோன்றுகிறது?’ என்று கேளுங்கள். மருந்துச் செலவா, குளியலறைக்குத் துணை வேண்டியிருப்பதா, மருமகன் முகத்தில் கண்டதாக அவர் நினைக்கும் ஏதோ ஒன்றா என்பது அப்போதுதான் வெளிவரும். அவற்றில் சிலவற்றுக்கு எளிய தீர்வு உண்டு; குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்தியதும் அந்தப் பேச்சு பாதியாகக் குறைந்த முதியவர்கள் இருக்கிறார்கள். பிறகு, அவரால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு வேலையை மெய்யாகவே அவரிடம் ஒப்படையுங்கள். பேரப்பிள்ளைக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தருவது அப்படிப்பட்டது. அவரைச் சமாதானப்படுத்தத்தான் கொடுத்தீர்கள் என்பது தெரியும்படி கொடுத்தால் ஆசிரியராக இருந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

வாழ்வதற்கான காரணங்களைப் பற்றி மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் 1983இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். குடும்பத்தின் மீதுள்ள பொறுப்பு, குழந்தைகளைப் பற்றிய அக்கறை, எதையும் தாங்கிக் கடக்க முடியும் என்ற நம்பிக்கை போன்றவை உயிரைப் பிடித்துவைக்கும் காரணங்களாக அதில் இடம்பெறுகின்றன. நம் குடும்பங்களில் இந்தப் பொறுப்புணர்வு வலுவான காவல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘உங்களுக்காக எவ்வளவு செய்தோம்’ என்ற தொனியில் அதே பொறுப்பை நினைவூட்டினால் அது பாரக் கணக்கில்தான் போய்ச் சேரும். ‘சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது நீங்கள் திண்ணையில் இருந்தால்தான் வீடு வீடாக இருக்கிறது’ என்பது ஒரு பேச்சு. ‘ஊர் என்ன சொல்லும்’ என்பது இன்னொரு பேச்சு.

வங்கிப் புத்தகங்களை ஒப்படைத்ததை இலேசாக விட வேண்டாம். முதியவர்கள் கணக்குவழக்குகளை ஒழுங்குசெய்வது இயல்பென்றாலும், நீங்கள் எழுதிய பேச்சோடு சேர்த்துப் பார்க்கையில் இந்த வாரமே அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நல்லது. முதுமையில் வரும் மனச்சோர்வு சிகிச்சைக்கு நன்றாகவே இணங்குகிறது. மருத்துவரைப் பார்க்கும்வரை அவரை வீட்டில் தனியாக விடாதீர்கள். ‘பைத்தியக்கார டாக்டரிடமா?’ என்று அவர் மறுத்தால், அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரையே பரிந்துரைக்கச் சொல்லலாம்.

கல்லூரி விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். ஒரு மாணவியின் நடவடிக்கை கவலை தருகிறது. ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா?
– வாசகி, மதுரை

ஆகாது. இந்த அச்சம் மருத்துவர்களுக்கும் இருந்ததால் ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை பற்றிய கேள்விகளைக் கேட்டு, இரண்டு நாள் கழித்து இரு பிரிவினரையும் ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளிவந்தது. கேட்கப்பட்டவர்களிடம் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்களும், முன்பு முயன்றவர்களும் கேள்விக்குப் பின் சற்று இலேசானதாகவே தெரிந்தது.

எப்படிக் கேட்பது என்பதே நம் கவலையாக இருக்க வேண்டும். ‘அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லையே?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலை நாமே கையில் கொடுத்தவர்களாகிறோம். ஆள் இல்லாத இடத்தில் உட்காரவைத்து, ‘சில நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. மனம் மிகவும் நொந்துபோனால் சிலருக்கு உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றும். உனக்கு அப்படித் தோன்றுகிறதாம்மா?’ என்று கேளுங்கள். அவள் ஆமென்றால் பதறவும் வேண்டாம், உபதேசமும் வேண்டாம். சொன்னதற்கு நன்றி சொல்லி, எப்போதெல்லாம் தோன்றுகிறது, எப்படி என்று யோசித்ததுண்டா, இன்று இரவு பாதுகாப்பாக இருக்க முடியுமா என்று கேளுங்கள். இன்ன வழியில், இன்ன நாளில் என்று திட்டம் இருப்பதாகத் தெரிந்தால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். ‘யாரிடம் சொல்வது என்பதை நாம் இருவரும் சேர்ந்து முடிவுசெய்யலாம்’ என்பதே நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

எனக்கு 25 வயது. வேலை போய்ச் சில வாரங்கள் ஆகிவிட்டன; வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் வேலைக்குப் போவதுபோல் கிளம்பிப் போகிறேன். படிப்பில் எப்போதும் முதலிடம். இப்போது அப்பாவின் கடனை அடைக்கக்கூட வழியில்லை. இரவெல்லாம் ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று ஒரே யோசனை. சாக வேண்டும் என்று ஆசையில்லை, இதிலிருந்து வெளியே வந்தால் போதும். ஆனால் வேறு வழியே தெரியவில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, இந்தக் கடிதத்தை எழுதியதே உங்களுக்குள் ஒரு பகுதி வாழ விரும்புகிறது என்பதைக் காட்டுகிறது. அந்தப் பகுதியோடு பேசுகிறேன். இன்று வெளியாகும் இந்தப் பதிலுக்காகக் காத்திருக்காமல், கடிதத்தில் இருந்த முகவரிக்கு எங்கள் அலுவலகம் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டது. இங்கே எழுதுவது உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும்தான்.

‘சாக ஆசையில்லை, வெளியே வந்தால் போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தற்கொலைத் தடுப்பு ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களுள் ஒருவரும், 1958இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அதற்கென ஒரு மையத்தை நிறுவியவர்களுள் ஒருவருமான எட்வின் ஷ்னைட்மன், தம் வாழ்நாள் முழுதும் இதைத்தான் சொல்லிவந்தார்: மனிதர் தேடுவது சாவையன்று, தாங்க முடியாத மனவலியின் முடிவை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ரோரி ஓ’கானர் 2011இல் வகுத்த மாதிரி இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. தோற்றுவிட்டோம், தலைகுனிந்துவிட்டோம் என்ற உணர்வு வருவதும், அதிலிருந்து தப்ப வழியில்லாமல் அகப்பட்டுக்கொண்டோம் என்று தோன்றுவதும் சேரும்போதுதான் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறது என்கிறார் அவர். வேலை இழந்தது தோல்வி உணர்வு; வீட்டில் சொல்ல முடியாமல் தினமும் கிளம்பிப் போவது அகப்பட்ட உணர்வு. இரண்டில் முதலாவதை நாளையே மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்ற முடியும்.

வழி தெரியவில்லை என்பதற்கு வருகிறேன். வழி இல்லாததும் வழி கண்ணில் படாததும் வேறு வேறு. மனச்சோர்வு பார்வையைச் சுருக்கிவிடுகிறது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை, இது அல்லது சாவு என்று இரண்டே கதவுகள்தாம் தெரியும். பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் வில்லியம்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் 1986 முதல் காட்டிவந்த ஒரு செய்தி இதில் முக்கியமானது. தற்கொலைக்கு முயன்றவர்களிடம், மகிழ்ச்சியாக இருந்த ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றால், ‘நண்பர்களோடு இருந்தால் மகிழ்ச்சியாக இருப்பேன்’ என்று பொதுவாகச் சொல்கிறார்களே தவிர, இன்ன நாள், இன்ன இடம், நடந்தது இது என்று குறிப்பாக அவர்களால் சொல்ல முடிவதில்லை. முன்பு ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தோம் என்ற நினைவு விவரமாகக் கைக்கு எட்டாதபோது, இப்போதைய சிக்கலுக்கு வழி தேடுவதும் தடைப்படுகிறது. ஆகவே உங்களால் வழி காண முடியவில்லை என்பது உங்கள் திறமைக்குறைவன்று, நோயின் அறிகுறி. இந்த நிலையில் தனியாக முடிவெடுக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

இரவில் வரும் ‘எனக்கு மட்டும் ஏன்’ என்ற யோசனை சிக்கலைத் தீர்ப்பதுபோல் தோன்றும். ஆனால் அது ஒரே இடத்தில் சுற்றும் செக்கு. அதை எதிர்த்து வாதாடுவதால் பயனில்லை. எழுந்து விளக்கைப் போட்டு, ‘ஏன்’ என்பதை விட்டு ‘நாளைக் காலை என்ன’ என்ற ஒரு வரியை எழுதிவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது பலருக்கு உதவுகிறது. தூக்கமில்லாத பின்னிரவில் தோன்றும் எந்த முடிவையும் முடிவாகக் கொள்ள வேண்டாம். குடித்தால் தூக்கம் வரும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். மது தயக்கத்தைக் குறைத்து, எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அழித்துவிடும்.

எப்போதும் முதலிடம் என்று எழுதியதையும் கவனித்தேன். தாமாக உயர்ந்த இலக்கு வைத்துக்கொள்வது ஒரு வகை. குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் தம்மை ஏற்பார்கள் என்று நம்புவது வேறு வகை. கனடாவின் ஹியூயிட், ஃபிளெட் ஆகிய உளவியலாளர்கள் 1991இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள்; அதன் பின் வந்த ஆய்வுகளில் தற்கொலை எண்ணத்தோடு நெருங்கிய தொடர்பு காட்டுவது பெரும்பாலும் இரண்டாவது வகையே. மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளையை அறிமுகம் செய்யும் வீடுகளில் இந்த நம்பிக்கை எளிதில் ஊன்றிவிடுகிறது. பெற்றோரையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை. இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அப்பாவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பதில்லை. சித்தப்பாவோ அக்காவோ நண்பரோ, முதல் பேச்சை எடுத்துத்தரக்கூடிய ஒருவராக இருந்தால் போதும். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஒரு தாளில், எண்ணம் முற்றுவதற்கு முன் உங்களுக்கு வரும் அறிகுறிகள், தனியாக இருக்கும்போது மனத்தைத் திருப்ப உதவுபவை, போய் உட்காரக்கூடிய இடங்கள், அழைக்கக்கூடிய மூன்று பேரின் எண்கள், மருத்துவரின் எண், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும் என்பது ஆகியவற்றை மருத்துவரோடு சேர்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திட்டம் எனப்படும் இதை, தொலைபேசி விசாரிப்போடு சேர்த்துக் கொடுத்தபோது அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடவடிக்கைகள் ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்ததாக 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. எண்ணம் அலைபோல் எழுந்து உச்சத்துக்குப் போய்த் தணியும். அந்த உச்சத்தைக் கடக்கத்தான் தாள்.

மகனுக்கு மனச்சோர்வு மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. மாத்திரையால் தற்கொலை எண்ணம் வரலாம் என்று இணையத்தில் படித்தேன். நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

நீங்களாக நிறுத்த வேண்டாம். இளம் வயதினரில் சிலருக்குச் சிகிச்சையின் தொடக்கத்தில் இத்தகைய எண்ணம் கூடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரிக்கை வெளியிட்டு, 2007இல் அதை 24 வயது வரையுள்ளவர்களுக்கு விரிவாக்கியது மெய்தான். அதன் பொருள் முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதே. மனம் தெளிவதற்கு முன்பே உடலில் சுறுசுறுப்பு திரும்பிவிடுவதும் உண்டு. இருப்புக்கொள்ளாமல் அலைவது, எரிச்சல், தூக்கம் அடியோடு கெடுவது, அல்லது நீண்ட வேதனைக்குப் பின் காரணம் தெரியாத திடீர் அமைதி ஆகியவற்றைக் கண்டால் அடுத்த முறை வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தை உங்கள் கையால் அன்றன்றைக்குரிய அளவு மட்டும் கொடுங்கள்.

சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல், ஒரு சண்டை நடந்த அடுத்த கணமே அப்படிச் செய்துவிடுகிறார்கள். அங்கே மனச்சோர்வோ உளவியலோ என்ன செய்ய முடியும்?
– வாசகர், மட்டக்களப்பு

நல்ல கேள்வி, பதில் உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. தெற்காசியாவில் நடக்கும் முயற்சிகளில் கணிசமானவை நெடுநாள் திட்டமிடாமல் ஆத்திரத்திலோ அவமானத்திலோ நேர்பவை. அந்த நெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தொலைவில் என்ன இருக்கிறது என்பதே பிழைப்பதையும் இறப்பதையும் தீர்மானித்துவிடுகிறது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்த பின், இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. மக்களின் துயரம் அத்தனை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டிலும் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், விவசாயிகள் தங்கள் பூச்சிமருந்துகளை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓரிடத்தில் பூட்டிவைக்கும் முறையைப் பரீட்சித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘சண்டைதான் காரணம்’ என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் முடிவு. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தற்கொலைகளைக் ‘குடும்பப் பிரச்சினை’ என்ற தலைப்பின்கீழ் எழுதியிருக்கிறது. ஒரு மனிதரின் பல மாதத் தூக்கமின்மையும் நம்பிக்கையிழப்பும் அந்த ஒற்றைத் தலைப்புக்குள் மறைந்துபோகின்றன. இலங்கையில் உதவிக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

என் தங்கை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, காப்பாற்றப்பட்டு வீடு திரும்பியிருக்கிறாள். போலீஸ் வழக்கு வருமோ என்று பயமாக இருக்கிறது. இதைப் பற்றி அவளிடம் பேசாமல் மறக்கவிடுவதே நல்லது என்கிறார் பெரியம்மா.
– வாசகி, விழுப்புரம்

வழக்கைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இடம்பெறவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு முயல்வது மட்டுமே தனிக் குற்றமாக இருக்கிறது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது நடைமுறை. அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

பெரியம்மாவின் யோசனையை நான் ஏற்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் மாதங்களும்தாம் அபாயம் மிகுந்தவை. வீட்டார் எல்லாரும் அறிந்திருந்தும் ஒருவரும் வாய்திறக்காதபோது, தான் செய்தது சொல்ல முடியாத அவமானம் என்று அவள் உறுதிசெய்துகொள்வாள். சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மருத்துவர், வீடு திரும்பிய பின் சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகள் அவ்வப்போது நலம் விசாரித்துச் சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். வேண்டுகோள் எதுவும் அவற்றில் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒரு மணி நேரம் போல ஆறுதலாக உட்கார்ந்து பேசி, பிறகு ஒன்றரை ஆண்டு காலம் தொலைபேசியிலோ நேரிலோ அவ்வப்போது விசாரிக்கப்பட்டவர்களிடையே தற்கொலையால் இறந்தோர் 0.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடையே 2.2 விழுக்காடு.

விசாரித்தவர்கள் என்ன பேசினார்கள் என்பதைவிட, விடாமல் விசாரித்தார்கள் என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ‘யாருக்கும் உரியவளல்லள், எல்லாருக்கும் பாரம்’ என்ற இரண்டு எண்ணங்களையும் அது ஒருசேரத் தொடுகிறது. ஆகவே நீங்கள் தொலைவில் இருந்தாலும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அவளைக் கூப்பிடுங்கள். ஏன் செய்தாய் என்று விசாரணை நடத்த வேண்டாம். ‘அந்த அளவுக்கு வலித்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இனி அப்படித் தோன்றினால் நடுராத்திரியானாலும் என்னைக் கூப்பிடு’ என்பது போதும். மருத்துவரிடம் அடுத்துப் போக வேண்டிய தேதியை அவள் மட்டும் நினைவில் வைத்திருக்கும்படி விடாதீர்கள். பார்க்க வரும் உறவினர்கள் ‘பெற்றவளை நினைத்தாயா’ என்று தொடங்கினால், பெரியம்மாவே ஆனாலும், காபி கொடுத்து முன்னறையோடு அனுப்பிவிடுங்கள்.

உதவி எண்ணை அழைத்தால் எதிர்முனையில் யார் இருப்பார்கள்? பெயர், விவரம் எல்லாம் கேட்பார்களா? கையில் பணமில்லாதவர்கள் என்ன செய்வது?
– வாசகர், சென்னை

14416 என்பது மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை. கட்டணமில்லை, நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையென்றால் மனநல வல்லுநருக்கு இணைப்பார். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பின் எண் 044-24640050. அங்கே பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அறிவுரை சொல்வதைவிடக் காதுகொடுத்துக் கேட்பதே அவர்கள் முறை, பேசியவை வெளியே போகா. பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடலாம். இணைப்பு உடனே கிடைக்காவிட்டால் அடுத்த எண்ணை முயலுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் 108ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது.